மச்சானைக் கொடுத்து வாங்கிய தோல்பந்து

தலைமன்னார் பியர்
19.1.1937

அன்புள்ள றோசம்மாவுக்கு,

இங்கே காற்று, மணல், கப்பல்துறைக் கந்தோர் வேலை எல்லாம் வழமைபோல. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனந்தான் நேற்றிலிருந்து சரியில்லை.

நேற்று மன்னார் ரயிலில் வந்து இறங்கிய ஒருவர் நான் வங்காலை ஆள் என்று தெரிந்ததும் சிரிக்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை உங்கட கிளப் எங்கட மன்னார் ஆக்களிட்ட அஞ்சு கோல் வாங்கினதாம். கடைசிக் கோல் அடிக்கேக்க கம்பத்துக்குக் கிட்ட ஒரு கழுதைகூட நிக்கேல்லையாம்" என்றார். கப்பலுக்குப் போகிற சனம் முழுவதும் கேட்டுக்கொண்டு நின்றது. வெட்கத்தில் நான் ஒருவருடைய பெட்டியில் இரண்டு தரம் முத்திரை குத்திவிட்டேன்.

ஊரில் இல்லாவிட்டாலும் வங்காலை உதைபந்தாட்டக் கிளப்பின் காரியதரிசி நான்தானே. தலைவன் சிங்கராசாவுக்கு எழுதினால் பதில் வராது. காலால் செய்கிற வேலை மட்டும் அவனுக்கு வரும். ஆகையால் உம்மைக் கேட்கிறேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதும். முக்கியமாக உம்முடைய தம்பி பஸ்ரியன் என்ன செய்தான் என்று எழுதும்.

சென்ரர் ஆஃப் என்றால் நடுவில் நின்று வருகிறதை எல்லாம் மறிக்க வேண்டும். என் மச்சான் பாதி ஆட்டம் மறிக்கிறான், மற்றப் பாதி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறவனை வைத்து எத்தனை காலம் இழுக்கிறது?

நிற்க. இங்கே பியர் கிளப்பின் காரியதரிசி சனூன் என்பவர். கருவாடு வாங்கி இந்தியாவுக்கு ஏற்றுகிறவர். அவருடைய கடையில்தான் எனக்குச் சாப்பாடு. போன வருஷம் எங்கள் திருநாள் ஆட்டம் பார்க்க வந்து, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று பாதியில் எழும்பிப் போனவர். அவர் பார்த்தது பஸ்ரியனின் நல்ல பாதி. "அந்தப் பொடியன எங்களுக்குத் தாங்கோ எட்வேட். கொழும்பில இருந்து புதுத் தோல்பந்து எடுப்பிச்சுத் தாறன், பம்பும் சேத்து" என்கிறார். மற்றப் பாதியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

எங்கள் பந்து தையல் விட்டு, பழந்துணி அடைத்துக் கிடக்கிறது. யோசித்துப் பாரும்.

உம் எட்வேட்

*

வங்காலை
22.1.1937

அன்பான அவருக்கு,

சுகம் கேட்காமல் கோல் கணக்குக் கேட்டு எழுதிய கடிதம் கிடைத்தது. நானும் சுகந்தான். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

நடந்தது இதுதான். முதற்பாதியில் மன்னாரார் ஒருவரும் பஸ்ரியனைத் தாண்டவில்லை. நாங்கள் பெண்கள் கோவில் மதிலுக்குப் பின்னால் நின்று கை தட்டினோம். பிறகு பக்கம் மாறினார்கள். மாறினால் அவனுக்கு முகத்துக்கு நேரே கடல். நீங்கள் கந்தோர்க்காரர் வீட்டுப் பிள்ளை, உங்களுக்கு விளங்காது. அப்பாவின் கரைவலைக்குக் கண் அவன்தான். பத்து வயதிலிருந்து கரையில் நின்று, எங்கே தண்ணீர் கறுக்கிறது, எங்கே குருவி இறங்குகிறது என்று பார்க்கிறவன். கடலைக் காட்டிவிட்டுப் பார்க்காதே என்றால் எப்படி?

இரண்டு கோல் அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது விழுந்தது, அதை நான் மறைக்கவில்லை. அதன் பிறகு அவன் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே வீசினான். மீன் வந்துவிட்டது, வலையை ஏற்றுங்கள் என்பதற்கு இந்தக் கரையில் அதுதான் அடையாளம். எங்கள் ஆட்டக்காரரில் அரைவாசிக்கு மேல் அப்பாவின் வலையில் பங்குக்காரர். ஒரே ஓட்டம். கோல் கீப்பரும் ஓடினார். விசில் ஊதுகிற பங்குச் சுவாமியாரும் விசிலை வாயில் வைத்தபடியே கடற்கரைக்குப் போனார். மன்னாரார் கொஞ்ச நேரம் வெறும் கம்பத்துக்குள் பந்தை அடித்துப் பார்த்தார்கள். அதில் என்ன ருசி? பிறகு அவர்களும் வந்து கயிறு பிடித்தார்கள்.

அவ்வளவும் பாரை மீன். வலையின் மடி கிழியாதது எங்கள் கோவில் அன்னம்மாள் செய்த புதுமை. அன்றைக்கு ஊரில் புகையாத அடுப்பு இல்லை. வென்றவர்களும் சைக்கிளில் மீன் கட்டிக்கொண்டு போனார்கள். அந்த ரயில்காரர் உங்களிடம் அதைச் சொல்லவில்லையே.

தம்பியை விற்க எனக்குச் சம்மதமில்லை. ஆளை விற்கிறதுக்கு அவன் என்ன பாரைக் கருவாடா?

றோசம்மா

*

தலைமன்னார் பியர்
27.1.1937

அன்புள்ள றோசம்மாவுக்கு,

உம்முடைய கடிதத்தை சனூனின் கடையில் இருந்து வாசித்தேன். சுவாமியார் ஓடிய இடத்தில் சிரித்து, தேநீர் மூக்கால் வந்துவிட்டது. இருந்தாலும் காரியதரிசி என்ற முறையில் நான் சிரிக்கக் கூடாது.

நீர் எழுதியதிலேயே தீர்வு இருக்கிறது. அவனைக் கெடுப்பது கரைவலை. இங்கே கரைவலை இல்லை. இங்கே வந்தால் அவன் ஏன் கடலைப் பார்க்கப் போகிறான்? முழு ஆட்டமும் ஆடுவான். அவனுக்கும் பெயர் வரும், எங்களுக்கும் பந்து வரும். அந்தப் பந்தை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். பெட்டியைத் திறந்ததும் புதுத்தோல் மணம் கடை முழுவதும் பரவியது. ஒருவரும் இல்லாத நேரம் கிட்டங்கிக்குள் மெதுவாக ஒரு உதை உதைத்தேன். கருவாட்டுச் சாக்கில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது.

பஸ்ரியன் என்னோடு தங்கலாம். இந்த அறை பெண்கள் இருக்கக் கூடிய இடமில்லை, தண்ணீர்கூட வண்டியில்தான் வருகிறது. ஆண்பிள்ளைக்கு என்ன? வேலை முடிந்து வந்தால் எனக்கும் கதைக்க ஒரு ஆள் இருக்கும்.

பாஸ்குத் திருநாள் வரைக்கும் அனுப்பிப் பார்ப்போம். கமிட்டியைக் கூட்டச் சொல்லி சிங்கராசாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். வாசித்துக் காட்டப் போவது நீர்தான் என்று தெரியும். தயவுசெய்து உள்ளதை உள்ளபடி வாசியும்.

எட்வேட்

*

வங்காலை
5.2.1937

மச்சானை விற்றுப் பந்து வாங்கிய மகாராசாவுக்கு,

உள்ளதை உள்ளபடி வாசித்தேன். வாசித்ததுதான் பிழையாகப் போயிற்று.

கமிட்டி அப்பாவின் கடற்கரை வாடியில் கூடியது. பாதிப் பேர் பந்து என்றார்கள், பாதிப் பேர் பஸ்ரியன் என்றார்கள். அப்பா, "கண்ணை வித்துப்போட்டு ஆரும் கண்ணாடி வாங்குவாங்களோ" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார். சிங்கராசா மட்டும், "பந்து இல்லாத கிளப்புக்கு சென்ரர் ஆஃப் என்னத்த மறிக்கிறது" என்று கேட்டார்.

கடைசியில் பஸ்ரியனையே கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பந்து வரட்டும், நான் போறன்" என்றான். தன்னைவிடப் பந்து பெரிதென்று தன்னோடு ஆடுகிறவர்கள் சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அன்றைக்கு உங்களுக்குச் சோறு போட்டிருக்க மாட்டேன்.

நேற்று சனூனின் ஆள் பந்தைக் கொண்டுவந்து தந்து, அவனைக் கூட்டிக்கொண்டு போனார். ஊர்ச்சனம் அவனை வழியனுப்ப வரும் என்று நினைத்தேன். எல்லாரும் பந்தைச் சுற்றி நின்றார்கள்.

அவனுக்கு முள் எடுக்காத மீன் கொடுக்காதேயுங்கள். பெரிய ஆள்தான், ஆனால் சாப்பிடும்போதும் கடலைத்தான் பார்ப்பான்.

றோசம்மா

*

தலைமன்னார் பியர்
24.2.1937

அன்புள்ள றோசம்மாவுக்கு,

உமக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதுகிறேன். நான் ஒரு முட்டாள்.

ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி நேற்றுப் பெரிய ஆட்டம். தோட்டவெளிக் கிளப்பைக் கூப்பிட்டிருந்தார்கள். சனூன் என் மச்சானைப் பற்றி ஊர் முழுவதும் சொல்லி வைத்திருந்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பஸ்ரியன் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றான், ஒரு கோல். பக்கம் மாறியது. தெற்கே பார்த்துக்கொண்டு நின்றான், மூன்று கோல்.

றோசம்மா, இது தீவின் நுனி. இங்கே இரண்டு பக்கமும் கடல். ஒரு வருஷத்துக்கு மேலாக இந்த மணலில் நின்று கப்பலுக்கு ஆள் ஏற்றுகிற எனக்கு அது நினைவு வரவில்லை. எங்கள் ஊரில் அவனுக்குப் பாதி ஆட்டமாவது கடலுக்கு முதுகு காட்ட இடமிருந்தது. இங்கே அதுவும் இல்லை.

சனூன் கோபிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு, "எட்வேட், நீங்க எனக்கு வித்தது சென்ரர் ஆஃப் இல்ல, வெளிச்சவீடு" என்றார். ஆனால் அவருடைய கிளப்காரர் பந்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். கடையில் எனக்குக் கறி ஊற்றுகிறவர்கூட பந்து எப்போ வரும் என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுகிறார்.

சனூனின் தாயார் உம்மு குல்சூம் பெருநாள் சாப்பாடு அனுப்பினார். எங்களுக்குத் தபசு காலம், இறைச்சி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். "அப்ப இந்தப் புள்ளைகள் என்னத்தத் தின்னுற" என்று மீன் ஆக்கி, நெய்ச்சோற்றோடு மறுபடி அனுப்பினார். நானும் பஸ்ரியனும் ஒரே சகன் தட்டில் சாப்பிட்டோம். முள்ளை நான்தான் எடுத்தேன்.

அவன் சிரிக்கும்போது உம்முடைய சிரிப்புப் போலவே இருக்கிறது. இதை முன்பு நான் கவனிக்கவில்லை. ஆட்டம் தோற்றாலும், அவன் இங்கே இருப்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

எட்வேட்

*

வங்காலை
1.3.1937

அன்பான அவருக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் நான் வாசித்துச் சிரித்தேன், பிறகு அம்மாவுக்கு வாசித்துச் சிரித்தேன், பிறகு வாடியில் வாசித்தேன். அப்பா கயிற்றுக் குவியலில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். "படிச்ச மருமோன்" என்றார்.

இங்கேயும் வெண்ணெய் திரளத் தாழி உடைந்த கதைதான். பந்து இருக்கிறது, மறிக்க ஆளில்லை. பழகுகிற ஆட்டத்திலேயே சின்னப் பெடியள் வந்து கோல் போடுகிறார்கள். வலையிலும் மீன் இல்லை. போன கிழமை கூட்டம் ஒன்று கரைக்குக் கிட்ட வந்து திரும்பிப் போனதை, அது போன பிறகுதான் கண்டார்கள்.

கமிட்டி திரும்பவும் கூடியது. சிங்கராசா எழும்பி, "எங்களுக்குப் பந்தும் வேணும், பஸ்ரியனும் வேணும்" என்றார். எல்லாரும் ஓம் என்றார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆம்பிளைகளின் கமிட்டியே இப்படித்தான் என்று நினைத்து, கதவடியில் நின்ற நான் வாயைத் திறந்தேன்.

பாஸ்குக்கு மறுநாள் திங்கட்கிழமை பியர் கிளப் இங்கே ஆட வரட்டும். வங்காலை வென்றாலும் சரி, சமமாக முடிந்தாலும் சரி, பஸ்ரியன் வீட்டுக்கு, பந்தும் எங்களுக்கு. பியர் வென்றால் இரண்டும் அவர்களுக்கு. பஸ்ரியன் விற்கப்பட்ட ஆள், ஆகையால் அவர்களுக்குத்தான் ஆடுவான். பிறகு கடல் மேலே ஒருவரும் பழி போடக் கூடாது. அதற்காகத் திடலின் கடற்பக்கம் முழுவதும் நாங்கள் பெண்கள் வள்ளத்துப் பாய்களைக் கட்டி மறைப்போம். பாய் தைக்கிறவர்களும் நாங்கள்தானே.

சுவாமியார் உட்பட எல்லாருக்கும் சம்மதம். சனூனைக் கேட்டு எழுதுங்கள்.

பஸ்ரியனிடம் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். கடல் மறைந்தாலும், எந்தப் பந்தை விட்டால் வீட்டுக்கு வரலாம் என்று அவனுக்குத் தெரியாதா?

றோசம்மா

*

தலைமன்னார் பியர்
20.3.1937

அன்புள்ள றோசம்மாவுக்கு,

சனூனுக்குச் சம்மதம். பாயின் கதையைக் கேட்டு, "இந்த மூளை கிளப் காரியதரிசிட வீட்டிலயா இருக்கு" என்றார். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

ஒரு துக்கச் செய்தி. பாஸ்குக்கு இந்தியா போகிற வருகிற சனம் அதிகம் என்பதால் எனக்கு லீவு இல்லை. ஆட்டத்தைப் பார்க்க மாட்டேன். உம்மையும் பார்க்க மாட்டேன். வங்காலை வெல்ல வேண்டும் என்று காரியதரிசி விரும்புகிறார். வென்றால் இந்த அறை திரும்பவும் வெறுமையாகிவிடும் என்று எட்வேட் பயப்படுகிறான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதால் எனக்கு நித்திரை குறைவு.

பஸ்ரியனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று என் சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தந்தான். வலை பின்னுகிற முடிச்சுப் போட்டிருக்கிறான், இனிச் சட்டை கிழிந்தாலும் பொத்தான் கழலாது.

ஆட்டத்தை எனக்கு எழுத வேண்டியது நீர்தான். ஒன்றையும் விடாமல் எழுதும்.

எட்வேட்

*

வங்காலை
30.3.1937

என் அன்பான அவருக்கு,

நாங்கள் தோற்றுப் போனோம். இப்படிச் சந்தோஷமாகத் தோற்ற ஊரை நான் கண்டதில்லை. இருந்து வாசியுங்கள்.

கோவில் பூசை முடிந்த கையோடு பெண்கள் எல்லாரும் பாய் கட்டினோம். கடல் இருந்த இடமே தெரியவில்லை. முதற்பாதியில் பஸ்ரியன் அவனுடைய வழமையான ஆட்டம். பக்கம் மாறியதும் ஊர் முழுவதும் அவனுடைய முகத்தையே பார்த்தது. முகத்துக்கு நேரே பாய், அதற்கு மேலே வானம். அவன் ஒருமுறை பாயைப் பார்த்தான், பிறகு பந்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் ஆடியதை எப்படி எழுதுவேன். சிங்கராசா இடப்பக்கம் போனால் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் போனால் வலப்பக்கம் நிற்கிறான். நடுவில் பியர்க்காரர் ஒருவர் எங்களுக்கு ஒரு கோல் போட்டுவிட்டார்.

ஆட்டம் முடியப் போகிறது. தம்பி வீட்டுக்கு வரமாட்டான் என்று எனக்கு விளங்கியது. நான் ஒரு வேலை செய்தேன், வருகிற பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாருக்கும் சொல்ல வேண்டும். சிங்கராசா பந்தோடு தனியே வருகிறார், மறிக்கப் பஸ்ரியன் மட்டும் நிற்கிறான். அந்த நேரம் நான் பாயின் கரையைத் தூக்கிக் கடலைக் காட்டினேன். சத்தியமாக அங்கே குருவிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

அவன் கண்டான். கடலையும் கண்டான், பாயைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னையும் கண்டான். என்னை ஒரு முறைப்பு முறைத்துவிட்டு, சிங்கராசாவின் காலிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான். சுவாமியார் விசில் ஊதினார். அதன் பிறகுதான் அவன் சட்டையைக் கழற்றி வீசினான்.

இரண்டு கிளப்பும் சேர்ந்து வலை வளைத்தது. கயிறு இழுத்து முடிந்ததும் எங்கள் ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். தங்களைத் தோற்கடித்தவனைத் தூக்குகிறோம் என்ற நினைப்பே இல்லை. "இவனையா ஒரு பந்துக்குக் குடுத்தனாங்கள்" என்று சிங்கராசா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பஸ்ரியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், கண் கலங்கியதை நான் கண்டேன்.

அவனைத் தனியே பிடித்து, "விட்டிருந்தா வீட்ட வந்திருப்பாயேடா" என்று ஏசினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, நான் வந்திட்டா அத்தான் ஆரோட கதைக்கிறது? அந்த மனிசன் உன்ர கடிதத்தச் சோறு தின்னேக்கையும் பக்கத்தில வைச்சிருக்கு."

தம்பி கண்டதை நான் காணவில்லை. பந்து, பஸ்ரியன், கமிட்டி என்று நீங்கள் எழுதிக்கொண்டே இருந்தீர்கள், நானும் அதற்குப் பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சனூன் வந்தார். "வெண்டது நாங்க, அதால எங்கட சொல்லுத்தான் சொல்லு. பந்த எடுக்கிறம். ஆள நீங்களே வைச்சிருங்கோ. எங்கட திடல்ல ரெண்டு பக்கமும் கட்டுறதெண்டா ஊர்ப் பாயெல்லாம் காணாது, தோணி ஓட வேணாமா?" என்றார். அப்பா அவரைக் கட்டிப்பிடித்துவிட்டார். சனூனின் வெள்ளைச் சட்டை முழுவதும் மீன் செதில். பந்தை மட்டும் சனிக்கிழமை வரைக்கும் இரவல் கேட்டு சிங்கராசா கெஞ்சினார், அவரும் விட்டுவிட்டார்.

அப்போ தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான், நீங்கள் அங்கே தனியே. வா என்று நீங்கள் ஒருநாளும் எழுதவில்லை. வரட்டோ என்று நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் நல்ல வீம்பு. இப்போதும் நான் கேட்கவில்லை. சொல்கிறேன். சனிக்கிழமை பின்னேர ரயிலில் வாறன். பந்தை நான்தான் கொண்டுவரப் போகிறேன் என்று சனூனிடம் சொல்லிவிட்டேன். தண்ணீர் வண்டியில் வந்தால் வண்டியில் வருகிற தண்ணீரைக் குடிப்பேன்.

இந்தக் கடிதம் சனூனின் கையில் வருகிறது. அவர் வாசிக்க மாட்டார், ஆனால் உங்கள் முகத்தைப் பார்ப்பார். கவனம்.

உங்கள் றோசம்மா

*

தலைமன்னார் பியர்
1.4.1937

என் றோசம்மாவுக்கு,

சனூன் பார்த்தார். கடையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். நான் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது உம்மு குல்சூம் உள்ளேயிருந்து வந்து, "ஆருக்கும் மவுத்தா" என்று கேட்டார். ஒருவரும் சாகவில்லை, என் மனிசி வாறா என்றேன். "அதுக்கா இந்தப் புள்ள அழுகுது" என்று சொல்லிவிட்டு, உம்முடைய அறைக்கு என்று ஒரு புதுப் பாய், இரண்டு பானை, ஒரு தண்ணீர்க் குடம் கொடுத்தனுப்பினார்.

நேற்று அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மூலையில் அடுப்புக் கட்டினேன், அது கொஞ்சம் சரிந்து நிற்கிறது. கதிரை ஒன்று வாங்கினேன். இவ்வளவு காலமும் ஒன்றுதான் இருந்தது. காரியதரிசி வேலையை விடுகிறேன் என்று சிங்கராசாவுக்கு எழுதிவிட்டேன், அதையும் நீர்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

வா என்று நான் எழுதாதது வீம்பில்லை. இந்த மணலையும் உப்பையும் பார்த்து, இங்கே ஏன் வந்தேன் என்று நீர் ஒருநாள் நினைத்துவிடுவீரோ என்ற பயம். இப்போது எழுதுகிறேன், வாரும்.

சனிக்கிழமை ரயில் வரும்போது மேடையில் நிற்பேன். புறப்படுகிற அவசரத்தில் பந்தை மறந்து வந்தாலும் குற்றமில்லை. சனூனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

உம் எட்வேட்